திருமண முன்தயாரிப்பில் 'உடல்' வகுப்பை எடுக்கப் போகிறவர்களுக்கு

கத்தோலிக்கத் திருமண முன்தயாரிப்புக் குழுவில் வகுப்பெடுக்கச் சேரும் புதுத் தம்பதிகளிடம் எந்த வகுப்பை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டால், வரவு செலவு, திருவழிபாடு, பிள்ளை வளர்ப்பு எல்லாம் சட்டென்று போய்விடும். கடைசியில் மிஞ்சுவது உடலும் பாலுறவும் பற்றிய வகுப்பு. அப்படி மிஞ்சியதைத்தான் நானும் என் கணவரும் எடுத்துவருகிறோம். இப்போது யாராவது கேட்டாலும் விட்டுக்கொடுக்க மாட்டோம். புதிதாக எடுக்கப் போகிறவர்களுக்கு நான் வாய்மொழியாகச் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

தடைகளின் பட்டியலில் வகுப்பைத் தொடங்கவே தொடங்காதீர்கள். ஆணுறை கூடாது, மாத்திரை கூடாது, திருமணத்துக்கு முன் கூடாது என்பதெல்லாம் எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஏன் என்பதுதான் தெரியாது. அந்த 'ஏன்' உடல் நல்லது என்ற இடத்திலிருந்து வருகிறது. அதைச் சொல்லாமல் பட்டியலை மட்டும் வாசித்தால், திருச்சபைக்கு உடல் என்றாலே ஆகாது என்று நினைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

முதலில் நீங்கள் படிக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2331 முதல் 2400 வரையுள்ள எண்கள். ஒரே மாலையில் முடிந்துவிடும். அடுத்து, திருத்தந்தை ஆறாம் பவுல் கருத்தடையைப் பற்றி 1968இல் எழுதிய 'ஹூமானே வீட்டே' திருமடல். மொத்தமே 31 பத்திகள்தான். அதைப் பற்றிச் சண்டை போடுகிறவர்களில் முழுதாகப் படித்தவர்கள் மிகக் குறைவு, இரண்டு பக்கத்திலும். பிறகு திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1979 முதல் 1984 வரை புதன்கிழமைகளில் ஆற்றிய மறைக்கல்வி உரைகள். 'உடலின் இறையியல்' என்று சொல்வது இதைத்தான். மொத்தம் 129. எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் வகுப்பெடுப்பேன் என்றால் நீங்கள் வகுப்பெடுக்கவே மாட்டீர்கள். விவிலியத்தின் முதல் நூலான தொடக்க நூலைப் பற்றிய முதல் 23 உரைகள் போதும். திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் தந்த 'அன்பின் மகிழ்வு' மடலின் நான்காம் அதிகாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வகுப்பைக் கணவனும் மனைவியும் சேர்ந்து எடுக்க வேண்டும். பங்குத்தந்தை அறையில் இருக்க வேண்டாம் என்பது என் கட்சி. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் முன்னால் கேள்வி வராது. தொடங்கும்போதே எல்லோருக்கும் ஒரே அளவுத் தாள், ஒரே நிறப் பேனா கொடுங்கள். பெயர் வேண்டாம். கேள்வி இல்லாதவர்களும் 'கேள்வி இல்லை' என்று எழுதி மடித்துப் பெட்டியில் போட வேண்டும். இல்லாவிட்டால் யார் எழுதினார்கள் என்று பக்கத்து நாற்காலிக்குத் தெரிந்துவிடும், உண்மையான கேள்வி வராது. இடைவேளையில் நீங்கள் இருவரும் படித்து அடுக்கிக்கொள்ளுங்கள்.

சரி, உள்ளே போவோம். நான் நம்பிக்கை அறிக்கையில் தொடங்குவேன். 'உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்' என்று எத்தனை முறை சொல்லியிருப்பார்கள்! ஆன்மா மட்டும் பிழைத்துக்கொள்ளும் என்று திருச்சபை ஒருபோதும் சொன்னதில்லை. உடல் தீயது, திருமணம் அசுத்தம் என்று சொன்ன குழுக்களை அது தொடக்க நூற்றாண்டுகளிலேயே எதிர்த்தது. கடவுளே உடல் எடுத்தார் என்று நம்புகிறவர்களால் வேறு எப்படிச் சொல்ல முடியும்?

அடுத்துச் சொல்வதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காராத ஆளை நான் பார்த்ததில்லை. திருச்சபைச் சட்டத்தின்படி, திருமுழுக்குப் பெற்ற இருவர் பீடத்தின் முன் சம்மதம் சொன்னதும் திருமணம் செல்லும். ஆனாலும் அவர்கள் உடலால் இணையும்வரை, தகுந்த காரணம் இருந்தால் திருத்தந்தையால் அந்தத் திருமணத்தைக் கலைக்க முடியும். இணைந்த பிறகு, சாவைத் தவிர எந்த மனித அதிகாரத்தாலும் முடியாது. சட்ட எண் 1141, 1142. படுக்கையறையில் நடப்பது பீடத்தில் சொன்ன வாக்கை முத்திரையிடுகிறது என்றுதானே இதற்குப் பொருள்? உடலுறவைத் திருச்சபை எவ்வளவு பெரிய விஷயமாக நினைக்கிறது என்பதைக் காட்ட இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை. திருமணத்துக்கு வெளியே ஏன் கூடாது என்ற கேள்விக்கும் பாதிப் பதில் இங்கேயே வந்துவிடும்: உடல் சொல்லும் 'முழுவதும் உனக்கே' என்ற வாக்கை வாழ்க்கை இன்னும் சொல்லவில்லை.

பிறகு மத்தேயு 19. மணவிலக்குப் பற்றிக் கேட்ட பரிசேயர்களை இயேசு தொடக்கத்துக்குத் திருப்பி அனுப்புகிறார். இரண்டாம் ஜான் பாலும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார். தொடக்க நூல் இரண்டாம் அதிகாரத்தை யாரையாவது மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். இருவரும் ஆடையின்றி இருந்தார்கள், வெட்கப்படவில்லை என்ற வரியில் நிறுத்தி, 'ஏன் வெட்கப்படவில்லை?' என்று கேளுங்கள். கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். பொறுமையாக இருங்கள். ஒருவர் மற்றவரைப் பயன்படுத்திக்கொள்வார் என்ற பயம் அங்கே இல்லை என்ற இடத்துக்கு யாராவது வந்து சேருவார்கள். மூன்றாம் அதிகாரத்தில் உடலை மறைக்க இலைகள் எதற்கு வந்தன என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இந்த வகுப்பில் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் இதுதான். 1980 அக்டோபரில் ஒரு புதன் உரையில், ஒருவன் தன் சொந்த மனைவியையே வெறும் இச்சைப் பொருளாகப் பார்த்தால் உள்ளத்தில் அவளோடு விபசாரம் செய்தவன் ஆகலாம் என்றார் இரண்டாம் ஜான் பால். பத்திரிகைகளில் பெரிய கூச்சல். மனைவியை ஆசைப்படுவதே பாவமாம் என்று எழுதினார்கள். அவர் சொன்னது ஆசையைப் பற்றி இல்லை, ஆளைப் பொருளாக்குவதைப் பற்றி. 'ஹூமானே வீட்டே' 13ஆம் பத்தி இன்னும் நேராகப் பேசுகிறது: துணையின் நிலையையும் நியாயமான விருப்பத்தையும் மதிக்காமல் திணிக்கப்படும் உறவு உண்மையான அன்பின் செயல் ஆகாது. தாலி கட்டியாயிற்று, மோதிரம் போட்டாயிற்று, இனிக் கேட்கத் தேவையில்லை என்ற எண்ணத்தோடு வருகிற ஆண்கள் இருக்கிறார்கள். இந்தப் பத்தியை என் கணவர்தான் வாசிப்பார். அவர் வாயிலிருந்து வந்தால்தான் அவர்கள் காதில் ஏறுகிறது.

'மனைவியின் உடல் கணவனுக்குச் சொந்தம் என்று திருத்தூதர் பவுல் சொல்லியிருக்கிறாரே' என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். வாதாட வேண்டாம். 1 கொரிந்தியர் 7:4ஐ அவரையே முழுதாகச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கணவனின் உடலும் மனைவிக்கே என்று அடுத்த பாதி அவரையே பார்த்துச் சொல்லிவிடும்.

கருத்தடைக்கு வருவோம். வரலாற்றை மறைக்காதீர்கள், கைப்பேசியில் எல்லாம் இருக்கிறது. 1963இல் திருத்தந்தை இருபத்து மூன்றாம் ஜான் இதை ஆராய ஒரு குழு அமைத்தார், ஆறாம் பவுல் அதைப் பெரிதாக்கினார், 1966இல் குழுவின் பெரும்பான்மை போதனையை மாற்றலாம் என்றது. ஆறாம் பவுல் மாற்றவில்லை. அவர் தரும் காரணம் 'ஹூமானே வீட்டே' 12ஆம் பத்தியில் இருக்கிறது: இருவரையும் ஒன்றாக்குவது, உயிருக்கு வழிவிடுவது என்ற இரண்டு பொருள்கள் இந்தச் செயலில் இருக்கின்றன, அவற்றை மனிதர் பிரிக்கக் கூடாது. அதே காரணத்தால்தான் செயற்கைக் கருத்தரிப்பையும் திருச்சபை ஏற்பதில்லை. ஒன்றில் குழந்தை இல்லாத உறவு, மற்றதில் உறவு இல்லாத குழந்தை. ஆனால் குழந்தைக்காக ஏங்கிக்கொண்டிருப்பவர்கள் முன்னால் இந்தக் கடைசி வாக்கியத்தை இப்படி வெடுக்கென்று சொல்லாதீர்கள். தம்பதியரின் உறவுக்குத் துணைநிற்கும் சிகிச்சைகளுக்குத் தடையில்லை என்பதை முதலில் சொல்லுங்கள்.

'கருத்தரிக்கும் நாட்களில் மட்டும் சேராமல் இருக்கும் இயற்கை முறையிலும் குழந்தை வேண்டாம் என்றுதானே நினைக்கிறோம், என்ன வித்தியாசம்?' சீட்டுகளில் தவறாமல் வரும் கேள்வி. நோக்கம் ஒன்றாக இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளுங்கள். செய்யும் செயல் வேறு. பேசாமல் இருப்பதும் பொய் சொல்வதும் ஒன்றா? உடலும் பேசுகிறது என்று இரண்டாம் ஜான் பால் சொல்வதை வைத்து நான் இப்படித்தான் விளக்குவேன். எல்லோரும் தலையாட்ட மாட்டார்கள். பரவாயில்லை, வாதத்தில் ஜெயிப்பது உங்கள் வேலை கிடையாது. எத்தனை பிள்ளைகள் என்று பொறுப்போடு தீர்மானிப்பது தம்பதியர்தான் என்பதையும், தக்க காரணம் இருந்தால் தள்ளிப்போடலாம் என்பதையும் 'ஹூமானே வீட்டே' 10ஆம் பத்தியிலிருந்து காட்டுங்கள். கத்தோலிக்கர் என்றால் பெற்றுக்கொண்டே இருக்க வேண்டும் என்று நம்புகிறவர்கள் ஏராளம்.

இன்னொன்று. சினைப்பை நீர்க்கட்டிக்கோ அதிக உதிரப்போக்குக்கோ மருத்துவர் எழுதிக்கொடுத்த ஹார்மோன் மாத்திரையை விழுங்கிவிட்டு, பாவம் செய்கிறோமோ என்று மனதுக்குள் மருகும் பெண்கள் உண்டு. அதே திருமடலின் 15ஆம் பத்தி தெளிவாக இருக்கிறது: நோய்க்கான சிகிச்சைக்குத் தடை இல்லை, அதனால் கருத்தரிப்பு தடைபடும் என்று தெரிந்திருந்தாலும். இதை யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

இயற்கை முறையை நான் எடுப்பேன். நான் சொல்லித்தருவது பில்லிங்ஸ் முறை: மெல்போர்னில் மருத்துவர் ஜான் பில்லிங்ஸ் 1953இல் தொடங்கி, பிறகு அவருடைய மனைவி எவ்லினும் சேர்ந்து உருவாக்கிய முறை. வெற்று அட்டவணையைப் பெரிதாக வரைந்து நாள் நாளாக நிரப்பிக் காட்டுங்கள். மாதவிடாய் நாட்கள், பிறகு உலர்ந்த நாட்கள். பிறகு கருப்பை வாயிலிருந்து வரும் திரவம் மாறும். முதலில் பிசுபிசுப்பு, அப்புறம் முட்டை வெள்ளைக்கரு போல இழுபடும், வழுக்கும். வழுக்கும் உணர்வு இருந்த கடைசி நாள்தான் உச்ச நாள். அது கடந்த பிறகே தெரியும். அதன்பின் மூன்று நாட்கள் எண்ணி விட்டு, நான்காம் நாளிலிருந்து அந்தச் சுழற்சி முடியும்வரை கருத்தரிக்க வாய்ப்பில்லாத காலம். கருமுட்டை 12 முதல் 24 மணி நேரமே உயிரோடு இருக்கும், விந்தணு ஐந்து நாள்வரை தாக்குப்பிடிக்கும் என்பதைச் சொன்னால் இந்தக் கணக்கு ஏன் என்று புரியும்.

இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உச்ச நாளுக்கு முந்தைய நாட்களுக்குத் தனி விதிகள் இருக்கின்றன, அவற்றைப் பயிற்சி பெற்றவரிடம் சில சுழற்சிகள் பார்த்துத்தான் கற்க வேண்டும். அவருடைய எண்ணைக் கொடுத்தனுப்புங்கள். பிரசவத்துக்குப் பிறகும், மாதவிடாய் நிற்கப்போகும் வயதிலும் கஷ்டமாக இருக்கும் என்பதையும் மறைக்க வேண்டாம். அட்டவணையை யார் எழுதுவது என்றால், கணவர். அவள் சொல்ல, அவர் எழுத வேண்டும். அப்போதுதான் இது அவளுடைய தலைவலி மட்டும் என்று ஆகாது.

சில விஷயங்களைச் செய்யவே செய்யாதீர்கள். ஒரு பூவைக் கைமாற்றிக் கைமாற்றிக் கசக்கவிட்டு, 'கன்னிமை போனால் இப்படித்தான்' என்று காட்டும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. கொடுமை மட்டும் இல்லை, போதனைப்படியும் தவறு. பாவமன்னிப்புத் தரும் ஒப்புரவு அருட்சாதனம் என்ற ஒன்று எதற்கு இருக்கிறது? யாருடைய கடந்த காலத்தையும் கேட்காதீர்கள், உங்கள் படுக்கையறைக் கதையையும் சொல்லாதீர்கள். தன்பாலின ஈர்ப்புப் பற்றிய கேள்வி வந்தால், கேட்டவரின் தம்பியோ தோழியோ மனதில் இருக்கலாம் என்று நினைத்துப் பேசுங்கள். அந்த உறவுச் செயல்களைத் திருச்சபை ஏற்பதில்லை, அந்த மனிதர்களை மதிப்போடும் பரிவோடும் ஏற்க வேண்டும் என்கிறது, நியாயமற்ற பாகுபாடு கூடாது என்கிறது. மறைக்கல்வி நூலின் 2357, 2358 இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒன்றை விட்டுவிட்டால் மற்றது பொய்யாகிவிடும்.

வகுப்பு முடிந்ததும் கதவைப் பூட்டிக்கொண்டு ஓடிவிடாதீர்கள். பதினைந்து நிமிடம் நாற்காலி அடுக்குகிற சாக்கில் அங்கேயே இருங்கள். சீட்டில் எழுதத் துணியாத கேள்வி அப்போதுதான் வரும். தனக்குக் குழந்தை பிறக்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார், கோயிலில் திருமணம் செய்யலாமா என்று ஒருவர் கேட்பார். செய்யலாம், மலட்டுத்தன்மை தடையே இல்லை, சட்ட எண் 1084. ஆனால் வருங்காலத் துணையிடம் மறைக்கக் கூடாது என்பதையும் சொல்லுங்கள். வலிக்கும் என்று பயமாக இருக்கிறது என்று ஒரு பெண் சொல்லலாம். செபியுங்கள் என்று சொல்லி அனுப்பாதீர்கள். வலி தொடர்ந்தால் அது மருத்துவரிடம் காட்ட வேண்டியது, சரிசெய்யக்கூடியது, அதுவரை காத்திருப்பது கணவரின் கடமை என்று சொல்லி, நல்ல மகப்பேறு மருத்துவர் ஒருவரின் எண்ணையும் எழுதிக் கொடுங்கள்.