பெங்களூரில் வேலை மாற: கரியர் கோச்சிடம் என்ன கேட்டு வாங்குவது?

வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர் கரியர் கோச் (வேலை மாற வழிகாட்டும் ஆலோசகர்) அல்ல. அங்கேயே ஒரு கும்பிடு போட்டுவிடுங்கள். நல்ல கோச் முதலில் ரெஸ்யூமேயில்தான் கை வைப்பார். 'சப்போர்ட் வேலை பார்த்தேன்' என்ற வரியை, எத்தனை சர்வர், மாதம் எத்தனை டிக்கெட் (பதிவாகி வரும் புகார்) என்று எண்ணோடு எழுத வைப்பார். அடுத்து மாதிரி இன்டர்வியூ. அதைப் பதிவு செய்து திரும்பக் கேளுங்கள். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் சொல்வதால் பதில் இழுக்கும். 2 நிமிடத்துக்குள் அடக்கப் பழகுங்கள்.

பலர் சறுக்குவது நோட்டீஸ் காலத்தில், அதாவது ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை பார்க்க வேண்டிய நாட்களில். வைட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி ஐடி நிறுவனங்களில் 90 நாள் சகஜம். ஆள் எடுப்பவருக்கோ அவசரம். பணம் கட்டி முன்கூட்டியே விலக வழி உண்டா என்று இப்போதைய நியமனக் கடிதத்தைக் கோச்சோடு உட்கார்ந்து படியுங்கள். புது ஆஃபர் எழுத்தில் வராமல் ராஜினாமா வேண்டாம். சம்பளம் பேசும்போது சிடிசியை, அதாவது கம்பெனி உங்களுக்காக ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவுக் கணக்கை, நம்பாதீர்கள். வேரியபிள் பே (செயல்பாட்டைப் பொறுத்துக் கூடிக் குறையும் பகுதி), கம்பெனி கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி (பணிக்கொடை) எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். மாதம் கைக்கு எவ்வளவு வரும் என்று கேளுங்கள்.