பழ ஈயின் குடலைச் சுத்தமாக்கி, நடையைப் படம் பிடிப்பது எப்படி

குடலில் பாக்டீரியாவே இல்லாமல் வளர்ந்த பெண் பழ ஈ மற்ற ஈக்களைவிட அதிகமாக நடக்கும். லேக்டோபேசிலஸ் பிரேவிஸ் என்ற பாக்டீரியாவைத் திரும்பக் கொடுத்தால் அந்த நடை அடங்கும். 2018இல் வெளியான இந்தச் சோதனையைச் செய்துபார்க்க நினைப்பவர்களுக்கு, நான் சொதப்பிக் கற்றதைச் சொல்கிறேன்.

பழச்சாறு கலந்த அகார் (கடற்பாசிக் கூழ்) தட்டில் ஈக்களை ஓர் இரவு முட்டையிட விடுங்கள். முட்டைகளைப் பிரஷ்ஷால் எடுத்து, நீர்த்த பிளீச்சில் இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். கடிகாரத்தை நம்பாமல் லென்ஸில் பாருங்கள். முட்டையின் முனையில் கொம்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இழைகளும் மறைந்தால் மேலோடு கரைந்துவிட்டது என்று பொருள். குடலுக்குள் போகவேண்டிய பாக்டீரியா அந்த ஓட்டின்மேல்தான் ஒட்டியிருக்கும். வோல்பாக்கியா என்ற பாக்டீரியா மட்டும் முட்டைக்குள்ளேயே குடியிருப்பது. பிளீச் அதைத் தொடாது. ஆகவே அது இல்லாத வம்சமாகப் பார்த்து எடுங்கள். அப்புறம் கிருமி நீக்கிய நீரில் மூன்று முறை அலசி, ஆட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் கிருமி நீக்கிய) உணவில் இடுங்கள். புழுக்கள் மெதுவாகத்தான் வளரும், ஈஸ்ட்டைச் சற்றுக் கூட்டுங்கள்.

ஆன்டிபயாட்டிக் கொடுப்பது சுலபம்தான். ஆனால் கண்ட மாற்றம் பாக்டீரியா போனதாலா, மருந்தாலா என்று பிறகு மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் முறை, உணவு பார்க்கச் சுத்தமாக இருந்ததால் பாக்டீரியா இருக்கிறதா என்று நான் சோதிக்கவில்லை. மூன்று வாரம் வீடியோ எடுத்த பிறகு, ஏதோ தோன்றி ஓர் ஈயை நசுக்கி, லேக்டோபேசிலஸ் வகை பாக்டீரியா வளரும் எம்ஆர்எஸ் அகாரில் தடவினேன். 30 டிகிரியில் இரண்டே நாளில் தட்டு முழுக்க வெள்ளைப் புள்ளிகள், அதாவது பாக்டீரியா. அத்தனை வீடியோவும் குப்பை. இப்போது ஒவ்வொரு குப்பியிலிருந்தும் படம் பிடிக்கும் முன்னும் பின்னும் சில ஈக்களை நசுக்கிப் பார்க்கிறேன்.

ஒப்பிட, வழக்கமாக வளர்க்கும் ஈக்களை எடுக்காதீர்கள்; அவை பிளீச்சையே பார்க்காதவை. பிளீச் செய்த முட்டைகளையே இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியின் உணவில் பிரேவிஸ் பாக்டீரியாவைச் சேர்த்துவிடுங்கள். ஒரே வயது, ஒரே நேரம்: காலையிலும் அந்தியிலும் ஈ தானாகவே சுறுசுறுப்பாக இருக்கும். ஒவ்வோர் ஈயையும் பத்து நிமிடம் படம் பிடித்தால் போதும்.

அந்த பாக்டீரியாவின் சைலோஸ் ஐசோமெரேஸ் என்ற நொதி ஈயின் சர்க்கரை நிலையை மாற்றுகிறது. அதன் வழியே நடை குறைகிறது. ஆக்டோபமைன் என்ற நரம்புச் செய்திப் பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களைச் செயற்கையாகத் தூண்டினால் பாக்டீரியாவின் வேலை எடுபடாது. உங்கள் ஈக்களிடம் நடை குறையவே இல்லையா? பாக்டீரியா இருந்த குப்பியின் லேபிளைப் பாருங்கள். பிரேவிஸுக்குப் பதில் அதன் உறவான பிளாண்டாரம் என்ற பாக்டீரியாவைக் கொடுத்திருந்தால் அப்படித்தான் இருக்கும்.