சிஎன்சி லேத்துக்கு ரோபோ கை: பட்டறையில் பூட்டுவது எப்படி

சிஎன்சி லேத் (கம்ப்யூட்டர் ஓட்டும் கடைசல் மெஷின்) ஆபரேட்டர் ஷிப்ட் முழுக்கச் செய்வதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: கதவைத் திற, முடிந்த ஜாப்பை (கடைந்த பீஸை) கழற்று, அதைக் கவ்வும் சக் மேல் காற்று ஊது, புதுசை மாட்டு, பட்டனைத் தட்டு. அப்புறம் மூன்று நிமிடம் சும்மா நில். கோவையில் கணபதி, பீளமேடு, குறிச்சி பக்கத்து ஜாப் வொர்க் பட்டறைகளில் இரவு ஷிப்டுக்கு ஆள் தேடுவது பெரும்பாலும் இந்தக் கழற்றி மாட்டும் வேலைக்குத்தான். கோபாட் என்கிற, ஆள் பக்கத்திலேயே வேலை செய்யும் ஆறு மூட்டு ரோபோ கை இதற்கு நன்றாகவே பொருந்தும். டென்மார்க்கின் யூனிவர்சல் ரோபோட்ஸ் தன் முதல் கோபாட்டை விற்றது 2008-ல். இன்று அந்தக் கையைப் பிடித்து இழுத்தே, அது போய் நிற்க வேண்டிய பாயின்ட்டைக் கற்றுக்கொடுக்கலாம். சுறுசுறுப்பான ஆபரேட்டர் ஒரு வாரத்தில் பழகிவிடுவார். பூட்டியபின் மெஷின் நிற்பது பெரும்பாலும் சிப்ஸாலும் (வெட்டும்போது விழும் உலோகச் சுருள்), சக்கில் பீஸ் முட்டி உட்காரும் முகத்தாலும்தான்.

முதலில் ஜாப்

ரோபோவுக்கு விலை கேட்கும் முன் ஜாப்பை முடிவு செய்யுங்கள். மாதாமாதம் திரும்பி வருகிற, அளவில் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கிற ஜாப் வேண்டும். ஒரு பீஸுக்கு 2 முதல் 4 நிமிடம் ஓடினால் சரி. 25 நொடியில் முடியும் புஷ்ஷுக்குக் கோபாட் வேண்டாம். கதவு திறந்து, மாற்றி, மூட அதற்கு 15–20 நொடி ஆகும். பழகிய ஆள் முந்திவிடுவார். அந்த வேலைக்கு, நீளக் கம்பியைத் தானே உள்ளே தள்ளும் பார் ஃபீடர் போடுங்கள்.

பேண்ட் சாவில் வெட்டிய பீஸ் அரை மில்லிமீட்டருக்கு மேல் கூடிக்குறைந்தாலும், முனையில் பிசிறு தொங்கினாலும் ஆபரேட்டரின் விரல் உடனே கண்டுகொள்ளும். ரோபோ கண்டுகொள்ளாது. அடுத்தது சுருள். வார்ப்பிரும்பு பொடியாக விழும், தொல்லையில்லை. மைல்டு ஸ்டீல் நீளநீளமாகச் சுருண்டு ஜாப்பையும் சக்கின் ஜாவையும் (கவ்வும் பல்) சுற்றிக்கொள்ளும். இன்சர்ட்டின் (வெட்டும் முனை) சிப் பிரேக்கரை (சுருளை உடைக்கும் பள்ளம்) மாற்றி, ஃபீடை (முனை நகரும் வேகம்) கொஞ்சம் ஏற்றி, சுருளை உடைக்கப் பாருங்கள். பிறகு ஒரு சோதனை: தொடர்ந்து 50 பீஸ், கையில் ஏர் கன் மட்டும். நடுவில் ஒருமுறை சுருளை இழுக்கும் கொக்கியை எடுக்க நேர்ந்தாலும் அந்த ஜாப் இன்னும் ரோபோவுக்குத் தயாராகவில்லை.

எத்தனை கிலோ கை?

பலர் தவறுவது இங்கேதான். ஜாப் 1.8 கிலோதானே, 5 கிலோ கை தாராளம் என்று வாங்கிவிடுவார்கள். நேரம் மிச்சமாக வேண்டுமென்றால் இரட்டை கிரிப்பர் (பீஸைப் பிடிக்கும் விரல்கள்) வேண்டும்: ஒன்று முடிந்ததைக் கழற்றும், மற்றது புதுசை மாட்டும். அப்போது கணக்கு இப்படி: புது பீஸ் 1.8, முடிந்தது 1.2, கிரிப்பர் இரண்டும் 2.0, பிராக்கெட் 0.6. மொத்தம் 5.6 கிலோ. 5 கிலோ கை படுத்துவிடும். எடை மணிக்கட்டிலிருந்து தள்ளித் தொங்கத் தொங்க, தூக்கும் திறன் இன்னும் குறையும். இந்த வேலைக்கு 10–12 கிலோ ரகம் பாருங்கள். எட்டும் தூரத்தை ரோபோ நிற்கப்போகும் இடத்திலிருந்து சக் மையம் வரை டேப் வைத்து அளங்கள். கதவு ஓரத்தைச் சுற்றிப் போகும் வளைவும் அதில் சேரும்.

பிடிப்புக்கும் கணக்கு உண்டு. 1.8 கிலோ என்பது சுமார் 18 நியூட்டன். கூலண்ட் பட்ட இரும்பில் உராய்வு 0.1 என்று வைத்தால், இரண்டு விரல் பிடிப்புக்கு விரலுக்கு 90 நியூட்டனாவது வேண்டும். கை வேகமாகத் திரும்பும்போது நழுவாமலிருக்க அதை இரண்டு, மூன்று மடங்காக்குங்கள். உருளை ஜாப்புக்கு வி வடிவ விரல் போட்டால் பீஸ் நடுவில் தானாக உட்காரும். காற்று நின்றாலும் பிடி விடாத கிரிப்பராக இருக்கட்டும்.

மெஷினோடு இணைப்பு

கையால் முறுக்கும் சக்குக்கு ரோபோ சரிப்படாது. ஹைட்ராலிக் அல்லது நியூமேட்டிக் சக் வேண்டும், கதவுக்கு சிலிண்டர் வேண்டும். 24 வோல்ட் ரிலே வழியாக ஐந்தாறு சிக்னல் போதும்: சைக்கிள் ஸ்டார்ட், சைக்கிள் முடிந்தது, கதவு முழுக்கத் திறந்தது, சக் திற, சக் மூடு, அலாரம். சக் மூடச் சொன்னதையே மூடியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது; பிரஷர் சுவிட்ச் உறுதி சொன்ன பிறகே கிரிப்பர் விட வேண்டும். எமர்ஜென்சி ஸ்டாப்பை மட்டும் சாதாரண ரிலேயில் ஓட்டாதீர்கள். அது இரட்டைச் சேனலில் (ஒன்று பழுதானாலும் மற்றது நிறுத்தும்படி), சேஃப்டி ரிலே வழியாகத்தான் போக வேண்டும்.

பீடத்தைத் தரையில் ஆங்கர் போல்ட்டால் இறுக்குங்கள். சக்கரம் வைத்த வண்டி பார்க்க வசதிதான், ஆனால் 2 மி.மீ நகர்ந்தால் கற்றுக்கொடுத்த எல்லாப் பாயின்ட்டும் போச்சு.

உட்காரும் முகம்

சக்கில் பீஸ் உட்காரும் அந்த அரை நொடியைக் கவனியுங்கள். ஜா மூடும்போது பீஸைத் தன் பக்கம் இழுக்கும்; ரோபோவோ தன் இடத்தை விடாது. இரண்டும் மல்லுக்கட்டினால் ஒன்று ரோபோ தானே புரொடெக்டிவ் ஸ்டாப்பில் (பாதுகாப்பு நிறுத்தம்) நிற்கும், இல்லை பீஸ் சாய்ந்து இறுகும். கிரிப்பருக்கு முன்னால், ஸ்பிரிங் விசையில் பீஸைத் தள்ளும் அமைப்பு ஒன்று வையுங்கள். ஜாவை 2–3 நொடி ஊதி, பீஸை உள்ளே கொண்டுபோய், கிரிப்பரைச் சற்றுத் தளர்த்தி, ஸ்பிரிங்கால் ஸ்டாப்பர் முகத்தில் அழுத்திப் பிடித்தபடி சக்கை மூடுங்கள். முகத்தில் 0.1 மி.மீ சிப் ஒட்டியிருந்தால் ஜாப்பின் நீளமும் அவ்வளவு தவறும். கை திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வரும் துல்லியம் 0.03–0.05 மி.மீ என்று கேட்டலாக் சொல்வது இதற்கு உதவாது. அந்த முகத்தில் ஏர் கேப் சென்சார் (காற்றை ஊதி இடைவெளியை அறிவது) வைத்தால் பீஸ் உட்கார்ந்ததா இல்லையா என்று அது சொல்லிவிடும்.

கிரிப்பர் முனைப் புள்ளியைப் பதிய, ஒரே கூர்முனையை நான்கு வெவ்வேறு சாய்வில் தொடுங்கள். எடையையும் எடை மையத்தையும் சரியாகக் கொடுங்கள். தவறினால் காரணமில்லாமல் நின்று நின்று போகும். சக்குக்கு 50 மி.மீ முன்பிருந்து நேர்கோட்டு நகர்வு மட்டும். முதல் ஓட்டம் நைலான் பீஸோடு, 10 சதவீத வேகத்தில்.

கரண்ட் போய் வந்தால் கை சக்குக்குள்ளேயே நிற்கும். நேராக ஹோமுக்கு (தொடக்க இடத்துக்கு) அனுப்பினால் டரட்டில் (டூல்கள் மாட்டிய தலை) இடிக்கும். எங்கே நிற்கிறது என்று பார்த்து, முதலில் பின்னோக்கி வெளியே இழுக்கும் புரோகிராமை இப்போதே எழுதிவையுங்கள்.

கோபாட்டுக்கு வேலியே தேவையில்லை என்று விற்பவர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். கை மெதுவாகத் தொட்டாலும், அது பிடித்திருக்கும் பீஸின் ஓரம் கத்தி. ரோபோ பாதுகாப்புத் தரமான ஐ.எஸ்.ஓ. 10218 கேட்பது கிரிப்பர், ஜாப், மெஷின் கதவு எல்லாம் சேர்ந்த அபாய மதிப்பீடு. ஏரியா ஸ்கேனர் வைத்து, ஆள் நெருங்கினால் வேகம் குறையச் செய்யுங்கள்.

ஆபரேட்டரின் புது வேலை

ரோபோ எடுக்கும் பீஸ்களை அடுக்கிய தட்டில் 6க்கு 8 என்று 48 பீஸ், பீஸுக்கு 3 நிமிடம் என்றால் 2 மணி 24 நிமிடம். அதற்குள் ஒருவர் மூன்று மெஷினைப் பார்க்கலாம். ஆனால் அவர் இனி மைக்ரோமீட்டர் பிடித்து அளந்து, மெஷினில் ஆஃப்செட் (டூல் அளவு) திருத்துபவர். கூலியும் அதற்கேற்ப இருக்க வேண்டும். புரோகிராமை அவரிடமே கொடுங்கள், வெளியாளை நம்பினால் ஒவ்வொரு செட்டிங்குக்கும் காத்திருப்புதான். உடைந்த இன்சர்ட்டோடு விடிய விடிய பீஸ் மாட்டிக்கொண்டே இருக்க ரோபோவுக்கு எந்தத் தயக்கமும் கிடையாது. ஸ்பிண்டில் லோடு அலாரமும் (சுழலும் அச்சில் சுமை கூடினால் எச்சரிப்பது) டூல் கவுண்டரும் (ஒரு டூல் வெட்டிய பீஸை எண்ணுவது) கட்டாயம்.

முதல் இரண்டு வாரம் பகலில் மட்டும் ஓட்டி, ஒவ்வொரு நிறுத்தத்தையும் நேரம், காரணத்தோடு போர்டில் எழுதுங்கள். ஷிப்டுக்கு ஒரு தடவைக்கு மேல் நிற்காத நிலை வந்தபின் இரவில் தனியே விடலாம். அப்போதும் தட்டை முழுக்க நிரப்பாதீர்கள்; ஒரு இன்சர்ட் 30 பீஸ் தாங்கும் என்றால் 30 மட்டும்.