துப்பாக்கிச் சூடு வேறு, துப்பாக்கிச் சண்டை வேறு

செய்தி எழுதும் நாம், துப்பாக்கி வெடித்த எந்தச் சம்பவத்தையும் ‘துப்பாக்கிச் சண்டை’ என்று எழுதிவிடுகிறோம். சண்டை என்றால் இரண்டு பக்கமும் சுட்டிருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுட்டால் அது துப்பாக்கிச் சூடுதான்.

2008 நவம்பர் 26 இரவை எடுத்துக்கொள்ளுங்கள். மும்பை சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில், பெட்டியும் பையுமாக ரயிலுக்குக் காத்திருந்தவர்களை இருவர் சுட்டுத் தள்ளினார்கள். அது சூடு. தாஜ் ஹோட்டலில் கமாண்டோக்களும் பயங்கரவாதிகளும் 29ஆம் தேதி காலை வரை மாறி மாறிச் சுட்டது சண்டை. ஒரே தாக்குதல், ஆனால் இரண்டு இடத்துக்கும் ஒரே சொல் பொருந்தாது.

அடுத்தது ‘என்கவுன்டர்’. இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். “போலீசாருடன் நடந்த துப்பாக்கிச் சண்டையில் ரவுடி பலி” என்று தலைப்பு வைக்கிறோம். அவர் சுட்டதை நாம் பார்த்தோமா? போலீசார் சொன்னார்கள், அவ்வளவுதான். அவர்கள் சொன்னதை நாமே நேரில் பார்த்ததுபோல எழுதிவிடுகிறோம். போலீசார் சுட்டு ஒருவர் இறந்தால் வழக்குப் பதிந்து, தனி விசாரணையும் மாஜிஸ்திரேட் விசாரணையும் நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொல்லியிருக்கிறது. விசாரணை முடியும் முன்பே நாம் ஏன் ‘சண்டை’ என்று முடிவுகட்ட வேண்டும்? “போலீசார் சுட்டதில் இறந்தார், அவர் முதலில் சுட்டதாகப் போலீசார் கூறுகின்றனர்” என்று எழுதினால் சரி. ‘மோதல்’ என்ற சொல்லுக்கும் இதே எச்சரிக்கை.

இலக்கணத்தில் சின்னச் சின்னப் பிழைகள் உண்டு. ‘துப்பாக்கி சூடு’ அல்ல, துப்பாக்கிச் சூடு. துப்பாக்கியால் சுடுவது என்பதால் ‘ச்’ வரும். கெடு என்பது கேடு ஆவதுபோல, சுடு என்பது சூடு ஆகிறது. ‘சூடில்’ என்று எழுதக் கூடாது, ‘சூட்டில்’ என்றே வரும். ‘துப்பாக்கிச் சூடு பரிமாற்றம்’ என்பது ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தது. ‘மாறி மாறிச் சுட்டனர்’ இருக்கும்போது அது எதற்கு?

அப்புறம், ‘துப்பாக்கிச் சூடு நடந்தது’ என்ற வாக்கியம். எனக்கு இது மிகவும் உறுத்தும். சுட்டவர் யார் என்பதே அதில் இல்லை. 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கில் ‘துப்பாக்கிச் சூடு நடந்தது’ என்று எத்தனையோ முறை படித்திருப்போம். ஜெனரல் டயர் உத்தரவிட, அடைபட்டு நின்ற கூட்டத்தை நோக்கிச் சிப்பாய்கள் 1,650 குண்டுகள் சுட்டார்கள் என்று எழுதுங்கள்.