‘ஆமா’ என்ற பதிலை நம்பி வண்டி அனுப்பாதீர்கள்

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து அவசர அழைப்புகளை எடுக்கப் பழகும் பிள்ளைகள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி, நாங்கள் பழகிய காலத்தில் செய்தவைதான். டைப்பிங் தடுமாறுவதும் குரல் நடுங்குவதும் ஒரு மாதத்தில் தானாகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

இடத்தை நீங்களே சொல்லி ‘ஆமா’ வாங்குவது

“சார், ஏர்வாடில ஆக்சிடென்ட், வெரசா வாங்க.”

“ஏர்வாடி தர்காவா?”

“ஆமா சார், ஆமா, வாங்க சார்.”

அந்த ‘ஆமா’ உங்கள் கேள்விக்கு வந்த பதில் இல்லை. கண்ணெதிரே ஒருவர் ரத்தத்தில் கிடக்கும்போது, போனில் யார் எதைக் கேட்டாலும் ஆமா என்றுதான் வாய் சொல்லும். கீழக்கரைப் பக்கம் தர்கா உள்ள ஏர்வாடி ஒன்று இருக்கிறது, திருநெல்வேலி மாவட்டத்தில் வள்ளியூர்ப் பக்கம் இன்னொரு ஏர்வாடி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நூறு கிலோமீட்டருக்கு மேல். 108 அழைப்பு மாநிலம் முழுவதிலிருந்தும் சென்னை மையத்துக்கு வருவதால், அழைப்பவர் எந்த ஏர்வாடியில் நிற்கிறார் என்பதை ஊர்ப்பெயர் மட்டும் காட்டிக்கொடுக்காது.

மண்டபம் இன்னும் மோசம். “மண்டபத்துல ஒருத்தர் மயங்கி விழுந்துட்டாரு” என்று ஒருவர் சொன்னால், இந்தப் பக்கம் பழக்கமில்லாதவர் கல்யாண மண்டபம் என்று நினைக்கிறார். பழக்கமுள்ளவர் பாம்பன் பாலத்துக்கு முந்தைய ஊர் என்று நினைக்கிறார். பேசுபவர் பரமக்குடியில் ஒரு கல்யாண வீட்டில் நிற்கலாம். மூக்கையூர் சாயல்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர். காற்றடிக்கும் கரையிலிருந்து பேசினால், அது விழுப்புரம் மாவட்டத்து முகையூர் என்று காதில் விழும்.

தவறு பெரும்பாலும் திரையில்தான் தொடங்குகிறது. மூன்றெழுத்து அடித்ததும் பெயர்ப் பட்டியல் விரிகிறது, கை முதல் பெயரைத் தட்டுகிறது. பிறகு வாய் அந்தப் பெயரையே கேள்வியாக்குகிறது, அழைப்பவர் ஆமா என்கிறார், வண்டி கிளம்புகிறது. பத்து நிமிடம் கழித்து பைலட் (ஆம்புலன்ஸ் ஓட்டுநர்) போன் செய்து வழி கேட்கும்போதுதான் குட்டு உடைகிறது. அந்தப் பத்து நிமிடத்தை யாரும் திருப்பித் தர முடியாது. எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தாலும் இந்த ஒன்று திரும்பத் திரும்ப நடக்கிறது. ஆத்திரமாக வருகிறது.

ஊர்ப்பெயரை அவர் சொன்னபடியே எழுதுங்கள். அடுத்து, ஆமா, இல்லை என்று முடிக்க முடியாத ஒரு கேள்வி கேளுங்கள்: “பஸ்ல வந்தா எந்த ஸ்டாப்ல இறங்கணும்?” அல்லது “பக்கத்துல இருக்கிற பெரிய ஊர் எது?” கீழக்கரை என்றால் ஒன்று, வள்ளியூர் என்றால் இன்னொன்று. கடைசியாக, “இன்னொரு தடவை நீங்களே சொல்லுங்க, எழுதிக்கிறேன்” என்று அவர் வாயால் வாங்குங்கள். இரண்டு தடவையும் பொருந்தினால் அனுப்புங்கள். எல்லாம் சேர்த்து அரை நிமிடம்கூட ஆகாது.

பாம்பன் பாலம் என்று சொன்னால் அதோடு விடக்கூடாது. 1988இல் திறந்த சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். இரு பக்கமும் வேடிக்கை பார்ப்பவர்களின் வண்டி நின்றால் ஆம்புலன்ஸ் திரும்பக்கூட இடமிருக்காது. “அடிபட்ட வண்டி எந்த ஊரைப் பார்த்துப் போச்சு? நீங்க நிக்கிற இடத்துக்கு மண்டபம் கிட்டவா, பாம்பன் கிட்டவா?” என்று கேட்டு, அதைப் பைலட்டுக்கும் சொல்லுங்கள். பாலத்திலிருந்து யாராவது விழுந்திருந்தால், வடபக்கமா தென்பக்கமா என்பதும் வேண்டும். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தேடப் போகும் படகு எந்தக் கரையிலிருந்து கிளம்ப வேண்டும் என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

ஜிபிஎஸ் எண்ணைத் தப்பாக அடிப்பது

விசைப்படகு ஜிபிஎஸ் பெரும்பாலும் டிகிரி, நிமிடம் என்று காட்டும். “ஒம்பது, இருபத்தஞ்சு” என்று மீனவர் சொல்வது 9 டிகிரி 25 நிமிடம். அதை 9.25 என்று வரைபடத்தில் அடிக்கிறார்கள். நிமிடத்தை 60ஆல் வகுக்க வேண்டும். சரியான எண் 9.4167. வித்தியாசம் 10 கடல் மைல், அதாவது பதினெட்டரை கிலோமீட்டர். வடகடலில் தத்தளிக்கும் படகு, வரைபடத்தில் மண்டபத்துக்குத் தெற்கே போய் உட்கார்ந்துவிடும். “டிகிரி எவ்வளவு, நிமிஷம் எவ்வளவு” என்று தனித்தனியாகக் கேளுங்கள். எத்தனை மணிக்குப் பார்த்த எண் என்பதையும் எழுதுங்கள், இன்ஜின் நின்ற படகு நீரோட்டத்தில் நகர்ந்துகொண்டே இருக்கும்.

வேறு எண்ணைச் சொல்லி அனுப்புவது

மாநிலப் போலீசின் கடலோரக் காவல் பிரிவு 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554. இவை நீங்கள் அழைக்க வேண்டிய எண்கள். நடுக்கடலில் சார்ஜ் தீரும் போனை வைத்திருப்பவரிடம் “அங்க போடுங்க” என்று சொல்லாதீர்கள்.

“மூச்சு இருக்கா?” என்று மட்டும் கேட்பது

“இருக்கு சார், கொர்ர்னு இழுக்குது” என்பார்கள். நினைவில்லாமல், விட்டுவிட்டு, குறட்டை போல இழுப்பது மூச்சு அல்ல, இதயம் நின்றபின் வரும் இழுப்பு. கேட்க வேண்டியவை இரண்டு: கூப்பிட்டால் பதில் வருகிறதா, எப்போதும் போல மூச்சு விடுகிறாரா. இரண்டுக்கும் இல்லை என்றால் உடனே நெஞ்சை அமுக்கச் சொல்லுங்கள். பெரியவருக்கு குறைந்தது 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. போனை ஸ்பீக்கரில் வைக்கச் சொல்லி, நீங்களே “ஒண்ணு, ரெண்டு” என்று தாளம் போல எண்ணுங்கள். கடலில் மூழ்கியவருக்கு அமுக்குவது மட்டும் போதாது. அவருக்கு நின்றது முதலில் மூச்சுதான், அதனால் வாயோடு வாய் வைத்துக் காற்றும் ஊத வேண்டும். தண்ணீர் எடுக்க வயிற்றை அமுக்குவதும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் இந்தக் கரையில் இன்னும் நடக்கின்றன. அவர்கள் தொடங்கும் முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

“பதறாதீங்க”

பயனில்லை. செய்ய ஒரு வேலை கொடுங்கள்.

“அஞ்சு நிமிஷத்துல வந்துரும்”

ஒருநாளும் சொல்லாதீர்கள். வண்டி கிளம்பியபின், கிளம்பிவிட்டது என்று மட்டும் சொல்லுங்கள்.

ஷிப்ட் மாறும்போது திரையைக் காட்டிவிட்டுப் போவது

திரும்பாத படகு ஏதாவது இருந்தால், அடுத்து உட்காருபவரிடம் வாயால் சொல்லிவிட்டு எழுந்திருங்கள்: படகின் பதிவு எண், எத்தனை பேர், கடைசியாகச் சொன்ன இடம், எத்தனை மணிக்குச் சொன்னார்கள், கரையில் யாருடைய எண், அடுத்து எப்போது அழைப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள்.