மெயின்ஃபிரேமில் லினக்ஸ்: எக்ஸ்86 பழக்கத்தில் நடக்கும் தவறுகள்

ஐபிஎம் ஸெட் என்ற மெயின்ஃபிரேம் மெஷின் ஒன்றில் ஓடும் லினக்ஸுக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்தால் முதல் பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அதே பேஷ், அதே சிஸ்டம்டி, அதே யம் அல்லது ஏபிடி. யூநேம் -எம் கட்டளை மட்டும் எஸ்390எக்ஸ் என்று இந்த மெஷினின் கட்டமைப்புப் பெயரைப் பதிலாகச் சொல்லும். பத்து வருடம் இன்டெல் (எக்ஸ்86) சர்வர்களைப் பார்த்த அட்மினுக்கு இந்த ஒற்றுமையே வினை. மேலே இருப்பது பழகிய லினக்ஸ்தான், ஆனால் டிஸ்க், பூட், கன்சோல், மெமரி என்று கீழே இருக்கும் ஒவ்வொன்றும் வேறு மரபில் வந்தவை. நான் பார்த்த பெரிய சேதங்கள் எல்லாம் இந்த இரண்டும் ஒட்டும் இடத்தில்தான் நடந்திருக்கின்றன.

இது புது விஷயமும் இல்லை. ஜெர்மனியின் போப்லிங்கனில் உள்ள ஐபிஎம் ஆய்வகத்தார் லினக்ஸை மெயின்ஃபிரேமில் ஓட்ட எழுதிய பேட்ச்கள் 1999 டிசம்பரில் வெளிவந்தன. 2015-இல் லினக்ஸ் மட்டுமே ஓட்டுவதற்கான லினக்ஸ்ஒன் மெஷின்கள் வந்தன. அதே ஆண்டு வந்த 4.1 கெர்னலில் பழைய 31-பிட் ஆதரவு நீக்கப்பட்டது. (ஆம், 31 தான். அச்சுப் பிழை இல்லை.)

டிஸ்கிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் திரும்பப் பெற முடியாத தவறு இங்கேதான் இருக்கிறது. எக்ஸ்86 சர்வரில் லினக்ஸ் கண்ணுக்குத் தெரியும் டிஸ்க் பெரும்பாலும் அந்த சர்வருக்கே சொந்தமானது. மெயின்ஃபிரேமின் எல்பார் (மெஷினைப் பிரித்து உருவாக்கிய ஒரு தனிப் பகுதி) ஒன்றில் நேரடியாக லினக்ஸ் நிறுவினால் அப்படி நினைக்கவே கூடாது. அந்த எல்பாருக்கு ஐஓ கட்டமைப்பில் எதையெல்லாம் காட்டியிருக்கிறார்களோ, அதெல்லாம் லினக்ஸுக்கும் தெரியும். பக்கத்து எல்பாரில் ஸெட்/ஓஎஸ் (மெயின்ஃபிரேமின் சொந்த ஆபரேட்டிங் சிஸ்டம்) வைத்து வங்கிக் கணக்கு ஓடும் வால்யூம்களும் அந்தப் பட்டியலில் இருக்கலாம். புது டிஸ்க் என்று நினைத்து, மெயின்ஃபிரேம் டிஸ்கை (டாஸ்டி) ஃபார்மேட் செய்யும் டாஸ்ட்எஃப்எம்டி கட்டளையை அதன் மேல் ஓட்டினால் ட்ராக் ட்ராக்காக அழித்துக்கொண்டே போகும்.

இதற்குக் காப்பு இரண்டு. முதலாவது, கெர்னல் பூட் வரியில் சிஐஓ-இக்னோர் அளவுருவைக் கொடுத்து, எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு நமக்குரிய டிவைஸ் எண்களை மட்டும் திறந்துவிடுவது. இரண்டாவது, டிஸ்கை ஒருபோதும் டாஸ்டி-ஏ, டாஸ்டி-பி என்ற பெயரால் குறிக்காமல் இருப்பது. அந்தப் பெயர்கள் டிவைஸ்கள் ஆன்லைனுக்கு வந்த வரிசைப்படி அமைபவை. இன்று பி என்று இருப்பது ரீபூட்டுக்குப் பிறகு சி ஆகலாம். 0.0.0201 மாதிரியான பஸ் எண் மாறாது, ஆகவே பை-பாத் அடைவில் இருக்கும் பெயரையே பிடித்துக்கொள்ளுங்கள். எஃப்எஸ்டேப்பிலும் ஸ்கிரிப்டுகளிலும் இதே விதிதான். சேமிப்பகக் குழுவிடம் எண்ணை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வதும் நல்லது. போனில் சொன்னால் 0201, 0210 ஆகிவிடுவது ரொம்பச் சாதாரணம்.

அப்புறம் பிளாக் அளவு. ஈசிகேடி (மெயின்ஃபிரேமின் மரபு வடிவம்) டிஸ்கின் கொள்ளளவு எப்படி ஃபார்மேட் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. 3390 மாடல் 3 வால்யூமை எடுத்துக்கொள்ளுங்கள்: 3,339 சிலிண்டர், சிலிண்டருக்கு 15 ட்ராக். 4096 பைட் பிளாக் போட்டால் ஒரு ட்ராக்கில் 12 பிளாக் உட்காரும், மொத்தம் சுமார் 2.46 ஜிபி. 512 பைட் போட்டால் ட்ராக்குக்கு 49 பிளாக், மொத்தம் சுமார் 1.26 ஜிபி. ஒவ்வொரு பிளாக்குக்கும் இடையே விடும் இடைவெளி பாதி டிஸ்கைத் தின்றுவிடுகிறது. ஆகவே 4096-ஐ விட்டு நகர வேண்டாம்.

வேகம் பற்றியும் ஒன்று. ஈசிகேடி வால்யூம் ஒன்றுக்கு ஒரு நேரத்தில் ஒரே ஐஓ தான் போகும். ஒரே பெரிய வால்யூமில் டேட்டாபேஸை வைத்துவிட்டு மெதுவாக ஓடுகிறது என்று புலம்புபவர்கள் ஹைப்பர்பாவ் ஏலியாஸ்கள் (அதே வால்யூமுக்கான கூடுதல் வழிகள்) தரப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பதே இல்லை. ஏலியாஸ்கள் சேமிப்பகத்தில் வரையறுக்கப்பட்டு, லினக்ஸிலும் ஆன்லைனில் இருந்தால்தான் ஒரே வால்யூமுக்கு ஒரே நேரத்தில் பல ஐஓ போகும்.

எஃப்சிபி (ஃபைபர் சேனல்) வழியாக ஸ்கஸி டிஸ்க் பயன்படுத்துபவர்கள் என்பிஐவி (ஒவ்வொரு லினக்ஸுக்கும் தனி முகவரி தரும் வசதி) இல்லாமல் ஆரம்பிக்கவே கூடாது. அது இல்லையென்றால் ஒரே அடாப்டரைப் பகிரும் எல்லா லினக்ஸும் ஒரே டபிள்யுடபிள்யுபிஎன் முகவரியுடன் வெளியே தெரியும். ஸ்டோரேஜ் பக்கத்தில் யாருக்கு எந்த எல்யுஎன் (டிஸ்க்) என்று பிரித்துக் காட்டவே முடியாது. எல்யுஎன்களைத் தானாகத் தேடிக் கண்டுபிடிக்கும் வசதியும் என்பிஐவி இருந்தால்தான் வேலை செய்யும்.

அடுத்தது ரீபூட் செய்தால் எழாத சர்வர். இது அடிக்கடி நடக்கும் கதை, பெரும்பாலும் இப்படித்தான் போகும்: ரூட் வால்யூம் குரூப்பில் இடம் தீர்ந்துவிட்டது. ஸ்டோரேஜ் குழு புது டாஸ்டி ஒன்றைத் தருகிறது. அட்மின் சிஹெச்சிசிடபிள்யுதேவ் கட்டளையால் அதை ஆன்லைனுக்குக் கொண்டுவந்து, ஃபார்மேட் செய்து, எல்விஎம்மில் சேர்த்து, ஃபைல் சிஸ்டத்தைப் பெரிதாக்குகிறார். எல்லாம் ஓடுகிறது, டிக்கெட்டை மூடிவிடுகிறார். மூன்று மாதம் கழித்து பேட்ச் போட்டு ரீபூட் செய்தால் இனிட்ராம்எஃப்எஸ் அவசர ஷெல்லில் போய் நிற்கிறது. அந்தக் கட்டளை டிஸ்கை அந்த நேரத்துக்கு மட்டுமே ஆன்லைன் ஆக்கும். அடுத்த பூட்டில் கெர்னலுக்கு அந்த டிஸ்க் பற்றி எதுவும் தெரியாது, வால்யூம் குரூப் பாதியோடு நிற்கும்.

நிரந்தரமாக்க சிஹெச்ஸெட்தேவ் இருக்கிறது. ரூட்டுக்கு வேண்டிய டிஸ்க் என்றால் அது மட்டும் போதாது, ரெட் ஹேட் குடும்பத்தில் பூட் அளவுருவில் அந்த டாஸ்டி எண்ணையும் சேர்க்க வேண்டும். அதற்குப் பிறகு ஸிப்பில் ஓட்ட வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான்.

ஸிப்பில் என்பது இங்கே பூட் லோடர். ஃபைல் சிஸ்டத்தைப் படித்துக் கெர்னலைத் தேடும் வேலை அதற்குத் தெரியாது. கெர்னலும் இனிட்ராம்எஃப்எஸும் டிஸ்கின் எந்தெந்த பிளாக்கில் கிடக்கின்றன என்ற முகவரிகளை எழுதி வைத்துக்கொண்டு, பூட் நேரத்தில் அப்படியே அள்ளி எடுக்கும். ஃபைலை மறுபடி உருவாக்கினால் பிளாக்குகள் மாறிவிடும், பழைய முகவரியில் இருப்பது குப்பை. பேக்கேஜ் மேனேஜர் வழியாகக் கெர்னல் ஏற்றும்போது ஸிப்பில் தானாக ஓடிவிடும். கையால் ட்ராகட் ஓட்டி இனிட்ராம்எஃப்எஸைப் புதுப்பித்தால் ஓடாது, நீங்கள்தான் ஓட்ட வேண்டும். சூஸேயில் ஸிப்பிலுக்கு மேலே க்ரப்2 உட்கார்ந்திருப்பதால் அங்கே கதை கொஞ்சம் வேறு, அதன் அப்டேட்-பூட்லோடர் கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

சரி, எழாத சர்வரைப் பார்க்கக் கன்சோலுக்குப் போகிறீர்கள். ஸெட்/விஎம் ஹைப்பர்வைசரின் கீழ் ஓடும் விருந்தினர் (விர்ச்சுவல் மெஷின்) என்றால் 3270 திரை வழியாக அந்த யூசராக லாகான் செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் பழக்கதோஷத்தில் சிபி (ஸெட்/விஎம்மின் கட்டுப்பாட்டு நிரல்) லாகாஃப் அடித்தால் போச்சு. அந்த விர்ச்சுவல் மெஷினே அழிந்துவிடும். மின்சாரத்தைப் பிடுங்கியதற்குச் சமம். வெளியேற வேண்டுமென்றால் டிஸ்கனெக்ட், அதாவது சிபி டிஸ்க். இந்த ஒரு விஷயத்தைக் கன்சோல் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டி வைக்கலாம்.

உள்ளே நுழையும்போதும் ஒரு பொறி இருக்கிறது. ரன் அமைப்பு ஆஃபில் இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் விருந்தினருடன் நீங்கள் மறுபடி இணைந்த கணமே அது சிபி ரீட் நிலையில் நின்றுவிடும். பிகின் என்று அடிக்கும்வரை சர்வர் உறைந்து கிடக்கும். சும்மா பார்க்கலாம் என்று போனவர் சர்வீஸையே நிறுத்திவிட்டு வந்திருப்பார். ப்ரொஃபைல் எக்ஸெக்கில் (விருந்தினர் துவங்கும்போது ஓடும் ஸ்கிரிப்ட்) செட் ரன் ஆன் என்று ஒரு வரி சேர்த்தால் இந்தத் தொல்லை இல்லை.

இந்தத் திரையில் விஐ எடிட்டரும் வேலை செய்யாது, ஏனென்றால் இது வரி வரியாக ஓடும் டெர்மினல். ஃபைலைத் திருத்த செட் (sed) கட்டளையோ எக்கோவோதான் கதி. கன்ட்ரோல்-சி கூட மேல்நோக்கிய தொப்பிக் குறியையும் சி எழுத்தையும் தட்டி என்டர் அடிப்பதுதான். அவசர நேரத்தில் இதைக் கற்றுக்கொள்ள ஆரம்பிக்காதீர்கள், ஒரு சோதனை விருந்தினரில் முன்பே பழகிவிடுங்கள்.

மெமரி விஷயத்தில் எக்ஸ்86 புத்தி நேர் எதிராக வேலை செய்கிறது. அங்கே மெமரி மலிவு, விஎம்முக்கு 16 ஜிபி கேட்டால் 32 கொடுத்துவிடுவார்கள். ஸெட்/விஎம்மில் ஒரே மெமரியைப் பல விருந்தினர்கள் பங்குபோட்டுக்கொள்வதுதான் மொத்தக் கணக்கே. லினக்ஸோ கிடைத்த மெமரி முழுவதையும் பேஜ் கேஷாக நிரப்பிவிடும். அது உண்மையில் தேவையா, சும்மா நிரப்பியதா என்று ஸெட்/விஎம்முக்குத் தெரியாது. இருபது விருந்தினர்கள் இப்படிச் செய்தால் ஹைப்பர்வைசர் டிஸ்குக்குப் பேஜ் செய்ய ஆரம்பிக்கும், எல்லோரும் சேர்ந்து மெதுவாவார்கள். லேசாக ஸ்வாப் தொடும் அளவுக்கு விருந்தினரைக் குறைத்துக்கொண்டே வந்து, முதல் ஸ்வாப்பை விடிஸ்கில் (மெமரியிலேயே இருக்கும் விர்ச்சுவல் டிஸ்க்) வைப்பதுதான் இங்கே பழைய, நல்ல வழக்கம். ஸ்வாப் என்றாலே அலாரம் அடிக்கும் மானிட்டரிங் குழுவிடம் இதை முன்பே விளக்கிவிடுங்கள், இல்லையென்றால் தினமும் ஒரு டிக்கெட் வரும்.

சிபியூவும் அப்படித்தான். எல்பாரில் 4 ஐஎஃப்எல் (லினக்ஸுக்கான ப்ராசஸர்) இருக்கும்போது ஒரு விருந்தினருக்கு 8 விர்ச்சுவல் சிபியூ கொடுப்பதில் லாபம் எதுவும் இல்லை, நிர்வாகச் சுமைதான் கூடும். டாப் காட்டும் வரியில் கடைசியாக வரும் ஸ்டீல் சதவீதத்தை (சிபியூ கிடைக்காமல் விருந்தினர் காத்திருந்த நேரம்) எக்ஸ்86 அட்மின்கள் கவனிப்பதே அபூர்வம். இங்கே முதலில் பார்க்க வேண்டிய எண் அதுதான். அது ஏறிக்கொண்டே போனால் விருந்தினருக்குள் எதைத் திருத்தியும் பயனில்லை, பஞ்சம் வெளியே இருக்கிறது. அதோடு, ஐந்து வினாடிக்கு ஒருமுறை எழுந்து எதையாவது அளக்கும் ஏஜென்ட்களைக் களையுங்கள். சும்மா இருக்கும் நூறு விருந்தினர்கள் சும்மா இருக்க விடப்பட்டால்தான் இந்த ஏற்பாட்டுக்கே அர்த்தம்.

நெட்வொர்க்கில் சுருக்கமாக இரண்டு. ஓஎஸ்ஏ என்ற நெட்வொர்க் கார்டு ஒரு இன்டர்ஃபேஸுக்கு மூன்று டிவைஸ் எண்களைக் கேட்கும்: படிக்க, எழுத, டேட்டாவுக்கு. லேயர்2 அமைப்பை ஆன்லைனுக்குக் கொண்டுவரும் முன்பே முடிவு செய்ய வேண்டும், அது விஸ்விட்ச்சின் (ஸெட்/விஎம்மின் விர்ச்சுவல் ஸ்விட்ச்) வகையோடு ஒத்துப்போகவும் வேண்டும். இரண்டாவது, கேவிஎம் ஹோஸ்டில் வழக்கம்போல ஒரு ப்ரிட்ஜ் போட்டுவிட்டு விருந்தினர்களுக்கு ஏன் நெட் வரவில்லை என்று தேடுவது. ஓஎஸ்ஏ தன்னிடம் பதிவான மேக் முகவரிகளுக்குரிய பாக்கெட்டுகளை மட்டுமே உள்ளே விடும். ப்ரிட்ஜுக்குப் பதில் மேக்விடேப் பயன்படுத்தினால் பெரும்பாலும் அங்கேயே பிரச்சினை முடிந்துவிடும்.

இனி மென்பொருள். எஸ்390எக்ஸ் பிக்-எண்டியன். 1 என்ற நான்கு பைட் எண் எக்ஸ்86 மெமரியில் 01 00 00 00 என்று கிடக்கும், இங்கே 00 00 00 01. ஃபைல் சிஸ்டங்கள் இதைத் தாங்களே பார்த்துக்கொள்ளும், நாம் கவலைப்பட வேண்டியது மென்பொருள் தன் இஷ்டத்துக்கு எழுதிய பைனரி ஃபைல்களுக்குத்தான். போஸ்ட்கிரெஸ் டேட்டா அடைவை எக்ஸ்86 சர்வரிலிருந்து அப்படியே நகலெடுத்து வந்தால் சர்வர் கிளம்ப மறுக்கும். பைட் வரிசை ஒத்துப்போகாமல் இருக்கலாம், இனிட்டிடிபி ஓட்ட வேண்டும் போலிருக்கிறது என்று ஒரு குறிப்பும் தரும். அந்தக் குறிப்பைப் பார்த்து, அடைவைக் காலி செய்துவிட்டு இனிட்டிடிபி ஓட்டுபவர்கள் உண்டு. பிஜி-டம்ப் எடுத்து ஏற்றுவதோ லாஜிக்கல் ரெப்ளிகேஷனோதான் வழி.

சி நிரல் எழுதுபவர்களுக்கு இன்னொன்று. எக்ஸ்86 லினக்ஸில் சார் வகை குறியுடையது, இங்கே இயல்பாகக் குறியற்றது. கெட்சார் தரும் மதிப்பை சார் மாறியில் வாங்கி இஓஎஃப் வருகிறதா என்று ஒப்பிடும் பழைய லூப் இன்டெலில் ஏதோ ஓடிவிடும், இங்கே முடிவே இல்லாமல் சுற்றும். இன்ட் மாறியில் வாங்கினால் தீர்ந்தது.

கன்டெய்னர்களில் எக்ஸெக் ஃபார்மேட் எரர் என்று வந்தால் தேட எதுவும் இல்லை, இமேஜ் ஏஎம்டி64-க்கு மட்டும் கட்டப்பட்டது. முக்கிய இமேஜ்கள் பலவும் எஸ்390எக்ஸுக்குக் கிடைக்கின்றன. மாட்டுவது, ஹெல்ம் சார்ட்டின் ஓரத்தில் இருக்கும் ஏதோ ஒரு சைட்கார் இமேஜ். திட்டம் தொடங்கும் முன்பே மேனிஃபெஸ்ட்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

காசு கொடுத்து வாங்கிய வன்பொருளைப் பயன்படுத்தாமல் விடுவதும் தவறுதான். ஒவ்வொரு கோரிலும் சிபாக்ஃப் என்ற குறியாக்க வசதி உண்டு. ஆனால் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள் காரணமாக ஏஇஎஸ் போன்றவை 3863 என்ற இலவச அம்சத்தை மெஷினில் இயக்கினால்தான் கிடைக்கும். ஐசிஏஇன்ஃபோ கட்டளையில் ஏஇஎஸ்ஸுக்கு எதிரே வன்பொருள் இல்லை என்று வந்தால் வன்பொருள் குழுவிடம் பேசுங்கள். ஸெட்15-இலிருந்து சிப்பிலேயே டிஃப்ளேட் சுருக்கமும் இருக்கிறது. ஜிஸிப் அதை இயல்பாக லெவல் 1-க்கு மட்டுமே பயன்படுத்துகிறது, சில வழங்கல்கள் இதை மாற்றியிருக்கின்றன. பேக்கப் ஸ்கிரிப்டில் பல காலமாக மைனஸ் 9 என்று இருந்தால், ஒருமுறை மைனஸ் 1 போட்டு நேரத்தை அளந்து பாருங்கள்.

கடைசியாக மெஷின் தலைமுறை. ரெட் ஹேட் 8-க்குக் குறைந்தது ஸெட்13 வேண்டும், 9-க்கு ஸெட்14. எல்எஸ்சிபியூ காட்டும் மெஷின் டைப் 2964 அல்லது 2965 என்றால் உங்களிடம் இருப்பது ஸெட்13 வரிசை, 9 அதில் ஓடாது. இதைப் பிரதான தளத்தில் சரிபார்ப்பவர்கள்கூட டிஆர் (பேரிடர் மீட்பு) தளத்தை மறந்துவிடுகிறார்கள். செலவைக் குறைக்க அங்கே ஒரு தலைமுறை பழைய மெஷினை வைப்பது சகஜம். பிரதான தளத்தின் ஸெட்15-இல் மார்ச்-நேட்டிவ் கொடுத்துக் கம்பைல் செய்த மென்பொருள், ஸெட்14 இருக்கும் டிஆர் தளத்தில் இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன் என்று விழுந்துவிடலாம். கம்பைல் செய்யும்போதே இரண்டு தளங்களில் எது பழையதோ அதன் தலைமுறையைக் கொடுங்கள், டிஆர் ஒத்திகையில் அந்த மென்பொருளை உண்மையாகவே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.