முதல் ஏ.ஏ. மீட்டிங்: சென்னையில் தேடுவதும் போவதும்

குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை உங்களுக்குள் வந்துவிட்டதா? அது போதும். குடியை விட நினைக்கிறவர்கள் ஒன்றாகக் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் கைகொடுக்கிற அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், எல்லோரும் சுருக்கமாகச் சொல்கிற ஏ.ஏ., உங்களிடம் எதிர்பார்க்கிற ஒரே தகுதி அதுதான். விண்ணப்பம் இல்லை, கட்டணம் இல்லை, ஆதார் கேட்க மாட்டார்கள். 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரத்தில், குடியால் நொந்துபோன ஒரு பங்குத்தரகரும் ஒரு டாக்டரும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசியதில் தொடங்கியது இது. குடித்துச் சீரழிந்தவனின் பேச்சு இன்னொரு குடித்தவனுக்குத்தான் சட்டென்று புரியும் என்பதுதான் அன்றும் இன்றும் இதன் ஆதாரம்.

மீட்டிங் தேடும் முன் ஒரு எச்சரிக்கை, இதைத் தாண்டிப் போகாதீர்கள். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் நிற்கிறது என்ற நிலையில் இருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். கடைசியாகக் குடித்த இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்பு வரலாம், இல்லாத உருவங்கள் தெரியலாம், நினைவு குழம்பலாம், உயிரே போகலாம். டாக்டர் மேற்பார்வையில் மருந்தோடு நிறுத்துவதுதான் சரி. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது, இந்திரா நகரில் 1980இல் சாந்தி ரங்கநாதன் குடிநோய் சிகிச்சைக்கென்றே தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. மனநல மருத்துவமனைக்கா போவது என்று கூசாதீர்கள், வலிப்பு வந்தபின் ஆம்புலன்ஸில் போவதைவிட இது எவ்வளவோ மேல். ஏ.ஏ.வில் மருந்தும் கிடையாது, டாக்டரும் கிடையாது. அது வேறு வேலை, இது வேறு வேலை, பலருக்கு இரண்டும் வேண்டியிருக்கும்.

சரி, இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் பாருங்கள், அல்லது சிகிச்சை எடுக்கிற இடத்தில் கவுன்சலரிடம் கேளுங்கள். போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446லும் வழி கேட்கலாம். சர்ச் வளாகம், பள்ளிக்கூட அறை, சமூகக்கூடம் இப்படிப்பட்ட இடங்களில்தான் பெரும்பாலும் கூடுவார்கள், ஆனால் ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்தது இல்லை. லிஸ்டில் நேரம் போட்டிருந்தாலும் முந்தின நாள் ஒரு போன் அடித்துவிடுங்கள், ஏனென்றால் பள்ளி விடுமுறை, பண்டிகை என்று இடம் மாறலாம். போனில் உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் நடக்கிறதா ஆங்கிலத்திலா, பெண்கள் வருகிறார்களா, ஓபன் மீட்டிங்கா க்ளோஸ்டு மீட்டிங்கா என்று கேளுங்கள். ஓபன் என்றால் மனைவியோ அண்ணனோ நண்பரோ கூட வரலாம், க்ளோஸ்டு என்றால் குடிப்பிரச்சினை உள்ளவர்கள் மட்டும்.

இனி பெரிய பயத்துக்கு வருவோம். தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்? எத்தனையோ பேர் கேட் வரைக்கும் போய்த் திரும்பி வருவது இதனால்தான். யோசித்துப் பாருங்கள், உள்ளே உங்கள் பக்கத்துத் தெருக்காரரே உட்கார்ந்திருந்தாலும் அவர் வந்திருப்பதும் அதே காரணத்துக்காகத்தான், அவருக்கும் அதே கூச்சம்தான், அங்கே யாரைப் பார்த்தோம் என்ன கேட்டோம் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது அங்கே எல்லோரும் மதிக்கிற விஷயம். அப்படியும் மனது கேட்கவில்லையா, வீடு பெரம்பூரில் என்றால் தென்சென்னைப் பக்கம் ஒரு குழுவில் தொடங்குங்கள். ஆனால் பிறகு வீட்டுப் பக்கத்துக்கு மாறிவிடுவது நல்லது என்பேன். தூரமாக இருந்தால் ஐப்பசி மழையில் போகாமல் இருக்க ஒரு சாக்கு கிடைத்துவிடும்.

உள்ளே நடப்பது எளிமையானது. ஒருவர் தலைமை தாங்குவார், கொஞ்சம் வாசிப்பார்கள், அப்புறம் ஒவ்வொருவராக, "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தன் கதையைச் சொல்வார்கள். குறுக்கே யாரும் பேச மாட்டார்கள், அறிவுரை பொழிய மாட்டார்கள். உங்கள் முறை வந்தால் "இன்றைக்குக் கேட்க மட்டும் வந்தேன்" என்று சொன்னால் போதும். அன்றைக்குக் குடித்துவிட்டீர்கள் என்றாலும் போங்கள், பேசாமல் உட்கார்ந்து கேட்கலாம். காசு போடச் சொல்லி ஏதாவது கைமாறி வரும். பத்து ரூபாய் போடலாம், போடாமல் அடுத்தவரிடம் தள்ளியும் விடலாம். உள்ளே வரவே இவ்வளவு கட்டு என்று யாராவது கேட்டால் அது ஏ.ஏ. இல்லை. கடவுள் பேச்சு வரும், நம்பிக்கை இல்லாதவர்களும் அங்கே இருக்கிறார்கள், அதை வைத்துச் சண்டை போடாதீர்கள்.

ஒரு மீட்டிங்கை வைத்து ஒட்டுமொத்தமாக முடிவு கட்டாதீர்கள். குழுவுக்குக் குழு சூழல் மாறும். ஒன்று ஒத்துவரவில்லை என்றால் வேறு ஒன்று, அதுவும் இல்லையென்றால் ஆன்லைன் மீட்டிங். முடிந்ததும் உடனே கிளம்பாமல் நின்று இரண்டு பேரிடம் போன் நம்பர் வாங்குங்கள். டாஸ்மாக் இரவு 10 மணி வரை திறந்திருக்கும் ஊர் இது, மாலை ஆறரைக்கு மனது அலையும்போது கூப்பிட ஒரு ஆள் வேண்டும். கொஞ்ச நாளில் உங்களுக்குப் பிடித்த ஒருவரை ஸ்பான்சராக இருக்கச் சொல்லிக் கேட்கலாம், அதாவது முன்னாடி நடந்து வழி காட்டுகிறவர்.

குடிக்கிறவர் வர மறுக்கிறாரா? வீட்டில் இருக்கிற அம்மாவோ மனைவியோ மகனோ அதற்காகக் காத்திருக்க வேண்டாம். குடும்பத்தாருக்கென்றே 1951இல் தொடங்கிய அல்-அனான் தனியாக இருக்கிறது, அவர் குடியை நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் நீங்கள் அங்கே போகலாம். உங்கள் பக்கத்தில் அது எங்கே கூடுகிறது என்பதையும் அதே போனில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.